கறுப்பு வெள்ளைப் படம் வந்தால் சேனலை மாற்றாதீர்கள்

சனிக்கிழமை இரவு. சாப்பாடு முடிந்துவிட்டது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சேனலாகத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். ஓரிடத்தில் திரையில் நிறமே இல்லை. கோட்டுப் போட்ட ஒருவர் சுருட்டைப் பற்றவைத்தபடி நீளமாக வசனம் பேசுகிறார். "ஐயோ, பழைய படம்" என்று அடுத்த எண்ணை அழுத்தப் போகிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "அதையே வைய்யா, நல்ல படம்" என்கிறார்.

மாணவர்களே, அடுத்த முறை பாட்டி சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். அப்படி நாம் தள்ளிவிட்டுப் போகும் படங்களில் ஒன்று, பினாங்கில் படிக்கும் ஒரு மாணவன் அவசியம் பார்க்கவேண்டிய படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே கதாநாயகன் செத்துப்போகிறான். படத்தின் பெயர் 'அந்த நாள்'. வெளிவந்த ஆண்டு 1954.

வீணைக் கலைஞர் எடுத்த பாட்டில்லாப் படம்

'அந்த நாள்' படத்தை இயக்கியவர் எஸ். பாலசந்தர். உலகப் புகழ்பெற்ற வீணைக் கலைஞர் வீணை பாலசந்தர் என்று இசைப் பிரியர்கள் அறிந்திருப்பவரும் இவரேதான். சிறுவனாக இருந்தபோதே 1934-இல் 'சீதா கல்யாணம்' படத்தில் நடித்தவர். 'அந்த நாள்' வெளியானபோது அவருக்கு வயது 27. இசையிலேயே வாழ்ந்த ஒரு மனிதர், பாட்டு இல்லாமல் தமிழ்ப் படமே கிடையாது என்றிருந்த காலத்தில், ஒரு பாட்டுகூட இல்லாமல் படம் எடுத்தார். தயாரித்தது ஏ.வி.எம். நிறுவனம். கதாநாயகன் சிவாஜி கணேசன், அவர் மனைவியாகப் பண்டரிபாய், துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக ஜாவர் சீதாராமன். படத்தின் வசனத்தை எழுதியவரும் ஜாவர் சீதாராமன்தான்.

கதை 1943 அக்டோபரில் சென்னையில் நடக்கிறது. 11ஆம் தேதி இரவு ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசுகிறது. இது கற்பனை அல்ல, உண்மையில் நடந்தது. மறுநாள் ராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார். சிவானந்தம் வருகிறார். வீட்டில் உள்ளவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து விசாரிக்கிறார்.

மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ராஜனோடு பழகிய இன்னொரு பெண் என்று ஐந்து பேர். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் வேறொருவர் மேல் சந்தேகம் விழுகிறது. இறந்துபோன ராஜனும் ஒவ்வொரு கதையிலும் வேறு மாதிரி மனிதனாகத் தெரிகிறான். சிவாஜியின் நடிப்பைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1950-இல் எடுத்த 'ராஷோமோன்' படத்தின் தாக்கம் இதில் உண்டு. ஒரு காட்டில் நடந்த ஒரே சம்பவத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லும் படம் அது. அதே ஆண்டு பிரிட்டனில் வந்த 'தி வுமன் இன் குவெஸ்சன்' படத்தின் சாயலும் உண்டு. அதில் கொலையான ஒரு பெண்ணைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வார்கள். ஆனால் 'அந்த நாள்' நகல் அல்ல. 'ராஷோமோன்' கடைசிவரை எது உண்மை என்று சொல்வதில்லை. 'அந்த நாள்' கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

நிழலால் கதை சொல்லும் படங்கள்

இந்த மாதிரிப் படங்களுக்கு உலக சினிமாவில் ஒரு பெயர் உண்டு: 'ஃபிலிம் நுவார்'. பிரெஞ்சு மொழியில் 'கறுப்புப் படம்' என்று பொருள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர்க்காலத்தில் வராமல் இருந்த அமெரிக்கப் படங்கள் பாரிஸ் நகருக்கு மொத்தமாக வந்து சேர்ந்தன. அவற்றில் பல, கொலை, பேராசை, துரோகம் என்று இருட்டாக இருப்பதைக் கண்ட நீனோ ஃபிராங்க் என்னும் விமர்சகர் 1946-இல் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941), 'டபுள் இன்டெம்னிட்டி' (1944), வியன்னா நகரில் நடக்கும் 'தி தேர்ட் மேன்' (1949) ஆகியவை இந்த வகைக்குச் சொல்லப்படும் உதாரணங்கள்.

இப்படங்களின் தனி அழகு வெளிச்சத்தில் இருக்கிறது. சாதாரணமாக ஒரு நடிகரைப் படம் பிடிக்க மூன்று விளக்குகள் வைப்பார்கள். ஒன்று முகத்துக்கு நேரான முதன்மை விளக்கு. இரண்டாவது, அதனால் விழும் நிழலைப் போக்கும் விளக்கு. மூன்றாவது, பின்னாலிருந்து தலையையும் தோளையும் எடுத்துக்காட்டும் விளக்கு. இந்த இரண்டாவது விளக்கைக் குறைத்துவிட்டால் என்ன ஆகும்? முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. எதிரே நிற்பவர் நல்லவரா கெட்டவரா என்று நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. வசனமே தேவையில்லை. ஜெர்மனியின் மௌனப் படங்களில் வளர்ந்த இந்த உத்தியை, ஹிட்லருக்கு அஞ்சி ஐரோப்பாவிலிருந்து வெளியேறிய ஃபிரிட்ஸ் லாங், பில்லி வைல்டர் போன்றவர்கள் ஹாலிவுட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

'அந்த நாள்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் மாருதி ராவ். மாடிப்படிகள், அறைகளின் மூலைகள், முகத்தின் பாதியை மறைக்கும் நிழல் என்று ஒவ்வொன்றையும் கவனித்துப் பாருங்கள். கைப்பேசியில் குறும்படம் எடுக்கும் மாணவர்களுக்கு இதில் நிறைய பாடம் இருக்கிறது. ஒரு மேசை விளக்கும் ஒரு சுவரும் இருந்தாலே இன்றிரவு வீட்டிலேயே முயன்று பார்க்கலாம்.

இந்தப் படம் பிடித்துப்போனால் அதே பாதையில் இன்னும் சில படங்கள் உண்டு. பாலசந்தரே எடுத்த 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970), சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்த வண்ணப் படமான 'புதிய பறவை' (1964), ஏ.வி.எம்.மின் 'அதே கண்கள்' (1967). 'புதிய பறவை'யின் கதாநாயகன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வருகிறவன் என்பது நமக்குக் கூடுதல் சுவை.

தியேட்டரில் தோற்றது, வீட்டில் வென்றது

'அந்த நாள்' 1954 ஏப்ரல் 13ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டுக்கு வெளியானது. மத்திய அரசின் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் வசூலில் தோல்வி. பாட்டுக்கும் கூத்துக்கும் பழகியிருந்த ரசிகர்களுக்கு இந்தப் புதுமை ஏற்கவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. 2013-இல் இந்திய சினிமாவின் நூற்றாண்டையொட்டி சி.என்.என்.-ஐ.பி.என். தொலைக்காட்சி வெளியிட்ட 100 சிறந்த இந்தியப் படங்களின் பட்டியலில் 'அந்த நாள்' இடம்பிடித்தது. எவர் முதலில் கைவிட்டார்களோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதைக் கொண்டாடினார்கள்.

இப்படித் தோற்ற படங்களுக்கு மறுவாழ்வு கொடுத்ததில் தொலைக்காட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1946-இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' தியேட்டரில் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. 1974-இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். காசு கொடுக்காமல் ஒளிபரப்பலாம் என்றதும் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைப் போட்டன. இன்று அமெரிக்கக் குடும்பங்களுக்கு அது பண்டிகைப் பலகாரம் மாதிரி.

நம் ஊரிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. 1929-இல் பினாங்கில் பிறந்த பி. ரம்லி, தம் கடைசிக் காலத்தில் எடுத்த படங்கள் ஓடாமல் மனம் நொந்தவர். 1973-இல் 44 வயதில் காலமானார். அவருடைய படங்களைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியதால்தான், அவர் மறைந்து பல ஆண்டு கழித்துப் பிறந்த மூவினப் பிள்ளைகளுக்கும் அவருடைய நகைச்சுவை வசனங்கள் மனப்பாடம். ஜார்ஜ்டவுனில் அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பினாங்கில் இருந்த ஒற்றர் பள்ளி

'அந்த நாள்' பினாங்கு மாணவர் அவசியம் பார்க்கவேண்டிய படம் என்று ஏன் சொன்னேன்? அதைச் சொல்ல, படத்தின் ஒரு முடிச்சை அவிழ்க்கவேண்டியிருக்கிறது. கொலை செய்தவர் யார் என்பதைச் சொல்லமாட்டேன். ஆனால் ராஜன் யார் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ராஜன் ஓர் ஒற்றன். தன் வானொலி ஆராய்ச்சிக்கு ஆதரவு கிடைக்காத கசப்பில், நாட்டின் ரகசியங்களை ஜப்பானுக்கு விற்றவன். படத்தைப் பொறுத்தவரை அவன் தேசத் துரோகி. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இப்போது சென்னையை விட்டு, அதே போர்க்காலத்துப் பினாங்குக்கு வாருங்கள். 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனில் குண்டு வீசின. மக்கள் ஆபத்து என்று தெரியாமல் தெருவில் நின்று விமானங்களை வேடிக்கை பார்த்தார்கள். பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. டிசம்பர் 19ஆம் தேதி தீவு ஜப்பானியர் வசமானது.

அடுத்த ஆண்டில், பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் கட்டடத்தில் 'இந்திய சுவராஜ் பயிற்சிக் கழகம்' என்ற பெயரில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. இதன் பின்னணியில் இருந்தவர் பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் தூதராகப் பணியாற்றியவர். மலாயாவில் வாழ்ந்த இந்திய இளைஞர்கள் இந்த நிலையத்தில் சேர்ந்தார்கள். இந்தியாவுக்குள் ரகசியமாக நுழைந்து, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக வேலை செய்வதற்கும் செய்தி அனுப்புவதற்கும் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.

1942 செப்டம்பரில் அவர்களில் ஒரு குழு பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டது. கேரளத்தின் தானூர்க் கரையில் இறங்கியவர்கள் பிடிபட்டார்கள். வேறு வழிகளில் சென்ற தோழர்களும் அகப்பட்டார்கள். விசாரணை சென்னையில் நடந்தது. 1943 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னைச் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் ஒருவர் கேரளத்தின் வக்கம் என்னும் ஊரிலிருந்து மலாயாவுக்கு வேலைக்கு வந்த அப்துல் காதர். அப்போது அவருக்கு வயது 26.

தேதிகளைக் கவனியுங்கள். நால்வர் தூக்கில் தொங்கியது செப்டம்பர் 10. சென்னையில் குண்டு விழுந்து, 'அந்த நாள்' கதை தொடங்குவது அக்டோபர் 11. இடையில் ஒரே மாதம். அதே நகரம். படத்தில் வரும் ராஜன் ஜப்பானுக்கு உதவிய துரோகி. ஜப்பானின் உதவியோடு போன வக்கம் காதரோ இன்று கேரளத்தில் தியாகி என்று போற்றப்படுகிறார்.

மூன்று சாட்சிகள்

ராஜனும் காதரும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஒருவன் கசப்பிலும் ஆசையிலும் தகவலை விற்றான். மற்றவர் விடுதலைக்காக உயிரைக் கொடுத்தார். நோக்கம் வேறு. ஆனால் 1943-இல் அவர்களைப் பிடித்த சட்டத்துக்கு அந்த வேறுபாடு கண்ணில் படவில்லை. சென்னையில் ஆண்டது பிரிட்டிஷ் அரசு. அந்த அரசின் கணக்கில் இருவரும் எதிரியின் ஆட்களே. அப்படியானால் துரோகம் என்பது யாருக்குச் செய்தது? நாட்டுக்கா, நாட்டை ஆண்டவனுக்கா? 'அந்த நாள்' இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதைப் பார்த்து முடித்த பினாங்கு மாணவனால் கேட்காமல் இருக்க முடியாது.

அதோடு முடிந்ததா? இன்னொரு சாட்சியையும் கூப்பிடவேண்டும். அதே ஜப்பானியர்தாம் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியானவர்கள் எத்தனையோ பேர். போன அப்பா திரும்பி வரவில்லை என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு ஜப்பான்காரன் யார்? விடுதலைக்குக் கை கொடுத்த நண்பனா, குடும்பத்தைக் குலைத்தவனா?

சுவராஜ் நிலையத்தை நடத்திய ராகவனுக்கே இந்தச் சிக்கல் வந்தது. தம்மிடம் சொல்லாமல் மாணவர்கள் சிலரை ஜப்பானியர் கொண்டுபோனதும், அவர் எதிர்ப்புத் தெரிவித்து நிலையத்தை மூடினார். ஜப்பானியர் அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். கூட்டாளி என்று நினைத்தவனே காவல்காரனாக மாறினான்.

ஒரே காலம், ஒரே ஜப்பான். சென்னையில் எடுத்த படம் ஒரு சாட்சி. பினாங்கில் பயிற்சி பெற்ற இளைஞர் இரண்டாவது சாட்சி. மரண ரயிலுக்குப் போனவரின் குடும்பம் மூன்றாவது சாட்சி. மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரும் தாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறார்கள். படத்தில் சிவானந்தம் கடைசியில் கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுகிறார். வரலாற்றில் அப்படி ஒருவர் வந்து தீர்ப்புச் சொல்வதில்லை. அந்த வேலை நம்முடையது.

படிவம் 4 வரலாற்றுப் பாடத்தில் ஜப்பானியர் ஆட்சி பற்றிப் படிக்கிறீர்கள். தேர்வுக்குத் தேதிகள் வேண்டும்தான். ஆனால் இதை யார் சொன்னார், எந்த இடத்தில் நின்று சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்கப் பழகினால், தேதிகள் தாமாகவே மனத்தில் நிற்கும். பாட்டே இல்லாத பழைய படம் ஒன்று சொல்லித் தருவது இந்தப் பழக்கத்தைத்தான்.

எப்படிப் பார்ப்பது?

பழைய படங்கள் பெரும்பாலும் பகலிலோ நள்ளிரவிலோதான் வருகின்றன. வார நிகழ்ச்சி நிரலைப் பார்த்து முன்கூட்டியே குறித்துவையுங்கள். தொலைக்காட்சியில் தவறவிட்டால் இணையத்திலும் தேடிப் பார்க்கலாம்.

முதல் இருபது நிமிடம் கைப்பேசியைத் தொடாதீர்கள். பழைய படங்களின் நடை மெதுவாக இருக்கும். அந்த நடைக்கு நம் மனம் பழக அவ்வளவு நேரம் வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து சாட்சிகளுக்கும் ஐந்து பத்தி போடுங்கள். யார், யார்மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார், ஏன் என்று எழுதுங்கள். கொலையாளி யார் என்ற உங்கள் ஊகத்தையும் படம் முடிவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். நண்பர்கள் சேர்ந்து பார்த்தால் இன்னும் சுவை. தமிழ்மொழிக் கழகத்திலோ வரலாற்றுக் கழகத்திலோ ஒரு நாள் திரையிட்டு, பிறகு அரை மணி நேரம் விவாதிக்கலாம்.

கடைசியாக ஒன்று. படம் முடிந்ததும் வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். "ஜப்பான்காரன் காலத்தில் நம் குடும்பம் எங்கே இருந்தது? யார் ஐ.என்.ஏ.வுக்குப் போனார்? யார் சயாமுக்குப் போனார்? யார் திரும்பி வந்தார்?" அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்கள் வாயிலிருந்து கேட்ட பிள்ளைகளும் இப்போது தாத்தா பாட்டியாகிவிட்டார்கள். கேட்டதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். குரலைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். படச்சுருள் அழிந்தாலும் எங்காவது ஒரு பிரதி கிடைக்கலாம். மனிதரின் நினைவுக்கு இரண்டாவது பிரதி கிடையாது.

"அதையே வைய்யா, நல்ல படம்" என்று பாட்டி சொல்லும்போது, அவர் அந்தப் படத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதை முதலில் எங்கே பார்த்தார், யாரோடு பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.